வழியோரத்து ஊர்: சைதாப்பேட்டையில் பாலம், ரயில், பட்டறை

சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின் ஓரத்தில் ஒரு பழைய கல்வெட்டு நிற்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் படிக்க முடியாது. பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் என்று மூன்று மொழிகளில் வெட்டியிருக்கிறார்கள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் 1726-இல் தன் கைப்பணத்தைப் போட்டு அடையாற்றின் குறுக்கே கட்டிய பாலத்தின் நினைவுக்கல் அது. மாம்பலம் என்ற பெயர் ஐரோப்பியர் நாவில் மர்மலாங் ஆனது. பாலத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. பாலத்தைத் தாண்டிச் சின்னமலை வழியாகத் தெற்கே போனால் கிண்டி தொழிற்பேட்டை. அது வந்தது 1958-இல். பாலத்துக்கும் பேட்டைக்கும் நடுவே 232 ஆண்டுகள் கிடக்கின்றன.

வழி வந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் ஊர் வளரும் என்பது பள்ளிப் பாடத்திலிருந்து பட்ஜெட் உரை வரை நாம் கேட்டுப் பழகிய சூத்திரம். சைதாப்பேட்டையின் 232 ஆண்டுகள் அந்தச் சூத்திரத்துக்குள் அடங்கவில்லை. வழி முன்னாலேயே வந்துவிட்டது. சென்னையிலிருந்து தெற்கே போகிற எவரும் மிதிக்க வேண்டிய வழி. பிறகு ரயிலும் வந்தது. ஆனாலும் ஆலைகள் பெரம்பூருக்குப் போயின, துறைமுகம் வடக்கே எழுந்தது, சைதாப்பேட்டை கச்சேரியும் தறியும் வண்டிப்பேட்டையுமாகவே இருந்தது. ஏன்?

இந்தக் கேள்வியில் பொருளாதார வரலாற்று அறிஞர்களே ஒத்துப்போனதில்லை. ராபர்ட் ஃபோகல் 1964-இல் அமெரிக்க ரயிலைப் பற்றி எழுதிய நூலில், ரயிலே இல்லாமற்போயிருந்தால் கால்வாயும் வண்டியும் அந்தச் சுமையைத் தூக்கியிருக்கும், 1890-இல் அந்த நாட்டு வருமானத்தில் ரயிலால் மிச்சமானது சில சதவீதம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். டேவ் டொனால்ட்சன் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலேயர் கால இந்தியாவின் மாவட்டக் கணக்குகளை எடுத்துக்கொண்டார். ரயில் எட்டிய மாவட்டங்களில் விவசாயத்தின் உண்மை வருமானம் ஏறக்குறைய 16 சதவீதம் கூடியது என்பது அவர் முடிவு. இவர்களுக்கு வெகுகாலம் முன்பே ரொமேஷ் சந்திர தத் வேறொரு பக்கத்திலிருந்து கேட்டார்: ரயிலுக்குக் கொட்டிய பணத்தைப் பாசனத்துக்குப் போட்டிருந்தால் பஞ்சம் இவ்வளவு பேரைக் கொன்றிருக்குமா? ஆர்தர் காட்டனும் அந்தக் கட்சிதான். ரயிலைவிட நீர்வழியே இந்தியாவுக்கு ஏற்றது என்று கடைசிவரை வாதாடினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலைக் கல் ஏற்றிவர 1837-இல் ஓடிய, இந்தியாவின் முதல் ரயில்பாதையைப் போட்டவரும் அதே காட்டன்தான்.

இந்த ஆய்வுகள் எல்லாமே நாட்டையும் மாவட்டத்தையும் அலகாக வைத்து அளப்பவை. மாவட்டத்தின் சராசரி ஏறும்போது, அந்த மாவட்டத்துக்குள் வழி கடந்துபோகும் ஊருக்கு என்ன நேர்ந்தது என்பது சராசரியில் தெரியாது. சைதாப்பேட்டை அப்படிக் கடந்துபோகப்பட்ட ஊர். ஆகவே இங்கே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது: வழி யாருக்காகப் போடப்பட்டது, அதில் எது போனது, அது எங்கே போய் இறங்கியது?

உஸ்கான் பாலம் கட்டியது வியாபாரத்துக்கு என்று சொல்ல முடியாது. பரங்கிமலைக்கு யாத்திரை போகிறவர்கள் மழைக்காலத்தில் அடையாற்றைக் கடக்க முடியாமல் தவித்தார்கள். மலையில் ஏறப் படிக்கட்டு கட்டிக் கொடுத்தவரும் அவரே. பாலத்துக்கு 30,000 வராகன் செலவழித்தார் என்றும், அதைப் பராமரிக்க 1,500 வராகனைத் தனியே ஒதுக்கிவைத்தார் என்றும் சொல்கிறார்கள். பக்திக் காரியம். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை மறுபடி தறிக்குத் திரும்புகிறது. உஸ்கான் மணிலா வணிகத்தில் செழித்தவர். சோழமண்டலக் கரையின் துணி கப்பலேறி மணிலாவுக்குப் போகும், அங்கிருந்து மெக்சிகோ வெள்ளி திரும்பி வரும். இந்தக் கரையின் நெசவாளர்களும் சாயக்காரர்களும் உழைத்த உழைப்பின் ஒரு துளி, உலகைப் பாதி சுற்றி, வெள்ளியாகி, அடையாற்றின் மேல் பாலமாக வந்து நின்றது. தொழில்தான் வழியைப் போட்டது. வழி தொழிலைக் கொண்டுவரவில்லை. சூத்திரம் இங்கேயே தலைகீழாகிவிடுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இதை அறிந்திருந்தார்கள். சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. அலைக்கு ஈடுகொடுக்கும் மசூலா படகில்தான் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியிருந்தும் இந்த ஊரை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் துணி. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் சிந்தாதிரிப்பேட்டையில் நெசவாளர்களுக்கென்றே ஒரு குடியிருப்பை உருவாக்கினார். அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையிலும் நெசவும் சாயமும் நடந்தன. ஓடுகிற தண்ணீரும் வெயில் விழும் மணல்திட்டும் சாயத்தொழிலுக்கு வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. அந்தத் தொழிலுக்கு ஆறுதான் முதலீடு. பாலம் கூடுதல் வசதி, அவ்வளவே.

அடுத்த நூறாண்டுகளில் பாலத்தை அதிகம் மிதித்தவர்கள் சிப்பாய்கள். பரங்கிமலை பீரங்கிப்படையின் பாளையமானது. கோட்டைக்கும் பாளையத்துக்கும் நடுவிலிருந்த மவுண்ட் ரோடு அரசாங்கத்தின் முக்கியமான சாலையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் சைதாப்பேட்டையில் இருந்துதான் ஆண்டார். கலெக்டர் இருந்தால் கோர்ட்டு வரும், கோர்ட்டு வந்தால் வக்கீல் குமாஸ்தாவும் முத்திரைத்தாள் கடையும் வரும். இன்றைக்கும் சைதாப்பேட்டை என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருவது கோர்ட்டுதான். ஒரு சாலை ஊருக்கு எப்போதும் தொழிற்சாலையைத்தான் கொண்டுவரும் என்பதில்லை; அதிகாரத்தையும் கொண்டுவரும். அதிகாரம் வந்து உட்கார்ந்தால் நிலமெல்லாம் பங்களாவாகவும் தோப்பாகவும் போய்விடும். கிண்டியில் கவர்னர் மாளிகையும் குதிரைப் பந்தய மைதானமும் பிடித்துக்கொண்ட இடத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்த நிலத்தில் ஒரு துண்டு மட்டும் உற்பத்தியின் பக்கம் திரும்பிப் பார்த்தது. 1865-இல் கவர்னர் டெனிசன் காலத்தில் சைதாப்பேட்டையில் அரசுப் பரிசோதனைப் பண்ணை தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை இறங்கியது. வில்லியம் ராபர்ட்சன் என்ற கண்காணிப்பாளர் ஆழ உழவையும் புதுக் கருவிகளையும் புதுப் பயிர்களையும் ஆண்டுக்கணக்கில் சோதித்தார். விவசாயப் பள்ளியும் வந்தது. 1906-இல் அது கோயம்புத்தூருக்குப் போனது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வேரைச் சைதாப்பேட்டையில்தான் சொல்லிக்கொள்கிறது. இந்தப் பண்ணையை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கவலை வேறு. நாட்டுக்கே பயன்படக்கூடிய அறிவு இந்த ஊரில் நாற்பதாண்டு உருவாகி, ஊரில் எதையும் விட்டுவைக்காமல் ரயிலேறிப் போய்விட்டது.

ரயில் என்றதும், 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன முதல் வண்டியைச் சொல்வார்கள். அது மேற்கே போன அகலப்பாதை; சைதாப்பேட்டைக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. சைதாப்பேட்டை வழியே செங்கல்பட்டுக்கு வந்தது மீட்டர்கேஜ் பாதை, 1870-களின் நடுவில், தென்னிந்திய ரயில்வேயின் கையில். அப்போது பெரும்பஞ்சம் தொடங்கியிருந்தது. 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகவே பக்கிங்காம் கால்வாயைத் தோண்டி நீட்டினார்கள். விறகும் உப்பும் சுமந்த படகுகள் அடையாற்று முகத்தைக் கடந்து சென்னைக்குள் வந்தன. ஆக ஒரே பத்தாண்டில் இந்த வட்டாரத்துக்கு இரும்புப்பாதையும் நீர்ப்பாதையும் கிடைத்துவிட்டன. காட்டனும் தத்தும் எழுப்பிய விவாதத்தை நேரில் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சோதனையின் முடிவு இரு தரப்புக்குமே உதவவில்லை. இரண்டு வழியும் வந்தன, தொழில் வரவில்லை.

காரணம் தேடினால் சரக்கின் கணக்கைப் பார்க்க வேண்டும். தென்னாற்காட்டு வேர்க்கடலை பெரும்பாலும் பாண்டிச்சேரி வழியாக மார்சேய்க்குப் போனது; 1879-இல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிளைப்பாதை திறந்ததும் அந்தப் போக்கு இன்னும் உறுதிப்பட்டது. கரிசல் பருத்திக்குத் தூத்துக்குடி வாய்த்தது. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலை வைத்தார்கள். தெற்கத்திப் பாதையின் செல்வம் தெற்கிலும் நடுவிலுமே இறங்கிக்கொண்டது. சென்னைப் பக்கத்து முனைக்கு மிச்சம்தான் வந்தது. வந்த மிச்சமும் மீட்டர்கேஜில் வந்ததால் அகலப்பாதை வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றும் இடத்தில்தான் கிடங்கும் கூலியும் ஆலையும் கூடும். அந்த இடம் துறைமுகத்தை ஒட்டிய வடசென்னை. பக்கிங்காம் மில், கர்நாட்டிக் மில், ரயில்வே பட்டறை எல்லாம் பெரம்பூரில் குவிந்ததற்கு இதுவே பெரிய காரணம். இதோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரயில் கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு 5 சதவீத லாபத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. எஞ்சினும் தண்டவாளமும் இங்கிலாந்திலிருந்து வந்தன. ரயில் போட்ட செலவு இங்கே ஒரு வார்ப்படச் சாலையைக்கூட வளர்க்கவில்லை என்று தேசிய இயக்கத்தார் குற்றஞ்சாட்டியதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதே ரயில்பாதை ஐம்பது ஆண்டு கழித்து இந்த வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றியது. மாற்றியது சரக்கு வண்டி அல்ல.

1920-இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். நீதிக்கட்சியின் தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. ஏரி போனதற்கு வருத்தப்பட இன்று நிறையக் காரணம் உண்டு. அன்று ஊருக்கு வீடு வேண்டியிருந்தது. ஆபீசோ ஜார்ஜ் டவுனில். இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தது மின்சார ரயில். 1931 ஏப்ரல் 2-இல் கவர்னர் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே 11-இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மக்கள் ஏறினார்கள். பம்பாயில் 1925-இலேயே மின்சார வண்டி ஓடிவிட்டது. ஆனால் இந்தியாவில் மீட்டர்கேஜில் மின்சாரம் பாய்ச்சியது முதலில் இங்கேதான். நீராவி வண்டி கரி தின்று, புகை கக்கி, நின்று கிளம்பவே நேரம் பிடிக்கும். மின்சார வண்டி நின்ற நிமிஷத்தில் கிளம்பும். ஆகவே நிலையங்களை நெருக்கமாக வைக்கலாம், வண்டியை அடிக்கடி விடலாம். இந்தச் சிறிய தொழில்நுட்ப வேறுபாட்டை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அதுதான் இந்தக் கதையின் மையம்.

ஏனென்றால் அதுவரை இந்த வட்டாரத்தின் எல்லா வழிகளும் பொருளையும் படையையும் யாத்திரிகரையும் கடத்திச் சென்றவை. மின்சார ரயில்தான் முதன்முதலாக இந்த ஊர்க்காரர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட்டது. போனது உழைப்பு, திரும்பி வந்தது சம்பளம். சம்பளம் ஊருக்கு வந்தால் கடை வரும். காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துச் சின்னசாமி செட்டியார் 1928-இல் தியாகராய நகரில் தொடங்கிய பட்டுக்கடையும், பின்னாளில் மாம்பலம் ஸ்டேஷன் வாசலிலேயே பெருகிய ரங்கநாதன் தெருவும் இந்தப் பாதையோடு பிரிக்க முடியாதவை. தாம்பரத்துக்காரர் தீபாவளிக்குத் துணி எடுக்க ஏறுவது இன்றும் எலக்ட்ரிக் ட்ரெயினில்தான். பல்லாவரம் பக்கம் சேம்பர்ஸ் என்பவர் ஏற்கெனவே குரோம் தோல் ஆலை வைத்திருந்தார். குரோம்பேட்டை என்ற பெயரே அந்த ஆலையிலிருந்து வந்தது. மின்சார ரயில் அந்த ஆலைக்கும் ஆளைக் கொண்டுவந்தது.

கிண்டி தொழிற்பேட்டையை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். 1958-இல் வந்த இந்தப் பேட்டை நாட்டின் ஆரம்பகாலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று. முறை எளிது. அரசு நிலத்தை எடுத்துச் சமன்செய்து, சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, கொட்டகைகளையும் கட்டிவிடும்; சிறு தொழில்முனைவர் அதை வாடகைக்கோ தவணைக்கோ எடுத்துக்கொள்ளலாம். சொந்தமாக இடம் வாங்கக் காசில்லாத மெக்கானிக், ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு முதலாளி ஆனது இந்த முறையால்தான். இங்கிலாந்தில் டிராஃபோர்டு பூங்காவிலும் ஸ்லோவிலும் இதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் அங்கே தனியார் நிலக்காரர்கள் செய்ததை இங்கே அரசு செய்தது. அதுவும் பெரிய முதலாளிக்கு அல்லாமல் சின்னவருக்கு.

நேரமும் கனிந்திருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பெரம்பூரில் 1955-இல் வந்த ரயில்பெட்டித் தொழிற்சாலை. எல்லாவற்றுக்கும் போல்ட்டு, புஷ், கேஸ்கெட், பித்தளை உருப்படி வேண்டும். பெரிய ஆலை வடக்கிலும் தெற்கிலும் நின்றது. அதற்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறை நடுவிலே கிண்டியில். ஒரு பக்கம் ஜிஎஸ்டி ரோடு, மறுபக்கம் ரயில். வேலை தெரிந்த ஆளும் பக்கத்திலேயே. பொறியியல் கல்லூரி 1920-இலேயே கிண்டிக்கு வந்துவிட்டது. தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் அடையாறிலும் ஐஐடி 1959-இலும் வந்தன. 1960-இல் கிண்டியிலேயே ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொடங்கியது. சைதாப்பேட்டை மேற்கு, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களிலிருந்து ஆட்கள் சைக்கிளில் பேட்டைக்குப் போனார்கள். கொஞ்ச காலத்தில் அந்தத் தெருக்களிலேயே பட்டறைகள் முளைத்தன. பேட்டையில் மூன்று வருஷம் கற்றுக்கொண்டவர் வீட்டு முன்புறத்தில் ஒரு பழைய லேத்தை இறக்கினால் அதுவும் ஒரு தொழிற்சாலைதான். அரசு பெரிதாகத் திட்டமிடாமலே நடந்த இந்தப் பரவல்தான் பேட்டையின் மெய்யான வெற்றி என்பேன்.

1947-இல் அரசே பஸ் ஓட்டத் தொடங்கியதும் 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்ததும் இந்த ஓட்டத்துக்கு இன்னொரு கால் கொடுத்தன. 1966-இல் உஸ்கான் பாலத்தின் இடத்தில் புதுப் பாலம் எழுந்தது. அதற்கு மறைமலையடிகள் பெயர் வைத்தது பொருத்தமானது. வேதாசலம் என்ற பெயரைத் தூய தமிழாக்கிக்கொண்ட அந்த அறிஞர் 1911-க்குப் பின் இதே சாலையில் பல்லாவரத்தில்தான் வாழ்ந்தார். இன்னும் தெற்கே போனால் அவர் பெயரிலேயே மறைமலைநகர். பிற்காலத்தில் ஃபோர்டு கார் ஆலை வந்த ஊர் அது. தனித்தமிழ் பேசிய ஒருவரின் பெயர் ஒரே சாலையில் ஒரு பாலத்துக்கும் ஒரு கார்ப் பட்டணத்துக்கும் ஆகியிருப்பது அவரே எதிர்பார்க்காத பெருமை.

இந்த வளர்ச்சியில் பங்கு கிடைக்காமல் போனவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆலைத்துணி வந்ததும் கைத்தறி அடியோடு செத்தது என்று பழைய நூல்கள் எழுதின. தீர்த்தங்கர் ராய் போன்றவர்கள் அதை மறுத்து, தறி மாறிக்கொண்டு பிழைத்தது என்று காட்டினார்கள். தமிழ்நாட்டளவில் ராய் சொல்வது சரி. சைதாப்பேட்டை அளவில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சாயத்துக்கு ஆறு வேண்டும். மனை விலை ஏறிய பட்டணத்தில், தண்ணீர் கறுத்த ஆற்றங்கரையில், சாயக்காரர் எதை மாற்றிக்கொண்டு பிழைப்பார்? வழி வந்ததால் நிலத்தின் விலை கூடியது. நிலத்தின் விலை கூடியதால் நிலத்தை நிறைய எடுக்கும் பழைய தொழில் வெளியேறியது. இதே கதை இப்போது பட்டறைகளுக்கும் நடக்கிறது. கிண்டி எஸ்டேட்டில் லேத் சத்தம் கேட்ட மனைகளில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன; உள்ளே கணினி. 2018-இல் சைதாப்பேட்டைக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. அதுவும் ஆளை ஏற்றும் வண்டி. ஆனால் அது ஏற்றிப் போகும் ஆள் மாறிவிட்டார்.

மெட்ரோவுக்கு முன்பே வெள்ளம் வந்தது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு மறைமலையடிகள் பாலத்தை எட்டியது. போக்குவரத்தை நிறுத்தினார்கள், சென்னை இரண்டாகப் பிரிந்து நின்றது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் தண்ணீர் வடிந்தபின் லேத்துப் படுக்கையில் கைகனத்துக்குச் சேறு படிந்திருந்தது. துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, மோட்டார் சுற்றக் கொடுத்துக் காத்திருந்தவர்களில் சிலர் மறுபடி தொடங்கினார்கள். மற்றவர்கள் மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டார்கள்.